லுல் அடித்த வெள்ளிக் காசுகள்

இங்கிலாந்தின் கீழ்க்கரையிலே சஃபோக் என்றொரு பகுதி உண்டு. அங்குள்ள ரெண்டில்ஷாம் என்னும் சிற்றூரை, பீட் என்ற துறவி 731-ஆம் ஆண்டளவில் எழுதி முடித்த வரலாற்று நூலில் அரசனுக்குரிய ஊர் என்று குறித்துச் சென்றார். அவ்வளவே, அரண்மனை எங்கிருந்தது என்று அவர் சொல்லவில்லை. 2008-ஆம் ஆண்டு முதல் அவ்வூர் வயல்களில் உலோகங் காட்டும் கருவி கொண்டு தேடியபோது பொற்காசுகளும் வெள்ளிக் காசுகளும் மேலெழுந்தன. காசுகள் வழிகாட்ட, அகழ்வோர் பின்தொடர்ந்தனர். 2022-இல் 23 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடைய மர மண்டபம் ஒன்றின் தடம் வெளிப்பட்டது. பீட் எழுதிய ஒரு சொல்லுக்குச் சான்று கிடைக்க ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஆயின!

அவ்வூரிலிருந்து சில மைல் தொலைவில் உள்ள சட்டன் ஹூ புதைமேட்டில் 1939-இல் கிடைத்த 37 காசுகளும் பிராங்கிய நாட்டுப் பொற்காசுகள். பின்னர்ப் பொன் அருகியது. ஏழாம் நூற்றாண்டின் இறுதிக்குள் வெள்ளி அதன் இடத்தைப் பற்றியது. முதலில் எழுந்த வெள்ளிக் காசுகள் சிறியவை, தடித்தவை. பறவையும் பாம்பும் சிலுவை ஏந்திய மனிதரும் அவற்றில் காணப்படுவர். ஆனால் அரசன் பெயர் பெரும்பாலும் இராது. இவ்வெள்ளி எங்கிருந்து வந்தது? 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று, தொடக்கக் காலக் காசுகள் பைசாந்தியப் பேரரசின் பழைய வெள்ளிக் கலங்களை உருக்கியவை என்றும், 750-க்குப் பின் பிராங்கிய நாட்டு மெல் என்னுமிடத்துச் சுரங்க வெள்ளி பெருகியது என்றும் காட்டியது.

இனி ஆஃபாவிடம் வருவோம். 757 முதல் 796 வரை மெர்சியாவை ஆண்ட இவன், டாம்வொர்த் ஊரைத் தன் முதன்மையான இருக்கையாகக் கொண்டான். பட்டயங்கள் அங்கிருந்து பிறந்தன. பிராங்கியர் முறையைப் பின்பற்றி, அகன்று மெலிந்த புதிய காசை இவன் அடிப்பித்தான். அதுவே பென்னி. அரசன் பெயரும் காசடித்த அக்கசாலையன் பெயரும் அதில் பொறிக்கப்பட்டன. வெள்ளியில் கலப்படம் நேர்ந்தால் யார் குற்றவாளி என்பது அக்காசே சொல்லும் அன்றோ? 240 பென்னி ஒரு பவுண்டு என்னும் கணக்கு 1971 வரை இங்கிலாந்தில் வழங்கியது. தன் மனைவி சினத்ரித் பெயராலும் ஆஃபா காசு வெளியிட்டான். ஆங்கிலோ-சாக்சன் அரசியர் வேறெவர்க்கும் இச்சிறப்பு இல்லை.

காசில் பெயர் பொறிப்பது அழகுக்கான செயலன்று. அது ஆட்சியுரிமையின் முழக்கம். கிழக்கு ஆங்கிலியாவின் மன்னன் எதில்பெர்ட் இதனை நன்கறிந்திருந்தான். தன் முகத்தையும் பெயரையும் ஒரு புறம் பொறித்து, மறுபுறம் உரோமாபுரியின் பெண் ஓநாய் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் காட்சியை அமைத்தான்; மேலே 'ரெக்ஸ்', அதாவது மன்னன், என்ற சொல். அவனுடைய குலத்தின் பெயரே ஓநாயைக் குறிப்பது. எனவே அவ்வோவியத்தில் உரோமப் பெருமையோடு குலப்பெருமையும் ஒளிந்திருப்பதாக நான் கருதுகிறேன்.

794-இல் ஆஃபா அவன் தலையைத் துணிக்கச் செய்தான். பழைய ஆங்கில ஆண்டுக் குறிப்பு இச்செய்தியை ஒரே வரியில் முடித்துவிடுகிறது, காரணம் கூறவில்லை. பிற்காலக் கதைகளோ பழியை அரசி மீது சுமத்தின. பெண்பழி கூறுவது கதாசிரியர்க்கு எளிது! காசுகளை ஆராய்ந்தோர் சிலர் வேறு வழியில் எண்ணுகின்றனர்: தனக்கு அடங்கியவன் தன் பெயரில் காசடித்ததை ஆஃபா பொறுத்திலன் என்பது அவர் ஊகம். மெய்ப்பிக்க இயலாததாயினும், பொருந்தாத ஊகம் அன்று. எதில்பெர்ட்டின் காசுகள் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

அக்காசில் மன்னன் பெயரோடு இன்னொரு பெயரும் உண்டு: லுல். அதை அடித்த அக்கசாலையன் அவன். அதே லுல் ஆஃபாவின் பெயராலும் காசு அடித்தான். 796-இல் ஆஃபா இறந்தபின் கிழக்கு ஆங்கிலியாவில் எட்வால்ட் என்பவன் சிறிது காலம் தனித்து ஆண்டபோது அவனுக்கும் அடித்தான். மெர்சியாவின் கோன்வுல்ஃப் அந்நாட்டை மீண்டும் கைக்கொண்டபோது அவனுக்கும் அடித்தான்.