பெயர் மாறிய காய்ச்சல்

காய்ச்சல் என்று லேபுக்குப் போனால் கையில் ஒரு தாள் தருகிறார்கள். என்எஸ்1, ஐஜிஎம், ஐஜிஜி என்று மூன்று வரிகள். அதற்குக் கீழே தட்டணுக்களின் எண்ணிக்கை. நாம் பார்ப்பது கடைசி வரியைத்தான். 'பிளேட்லெட் எவ்வளவு?' என்பது இப்போது நலம் விசாரிக்கும் கேள்வியாகவே ஆகிவிட்டது. என்னை ஈர்ப்பது முதல் மூன்று வரிகள். அவை இல்லாத காலத்தில் டெங்குவை எப்படி அடையாளம் கண்டார்கள்?

கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும்தான். 1779-ல் படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டேவிட் பைலன் என்ற மருத்துவர் மூட்டுகளைப் பிடித்துக்கொள்ளும் ஒரு காய்ச்சலைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் பெஞ்சமின் ரஷ் இன்னொன்றைக் கண்டார். எலும்பை முறிக்கும் காய்ச்சல் என்று அதை மக்கள் அழைப்பதாக எழுதினார். 1827-28-ல் கரீபியன் தீவுகளில் மூட்டுவலியோடு ஒரு காய்ச்சல் பரவியபோது 'டெங்கு' என்ற பெயர் நிலைத்தது. 'கி டிங்கா பெப்போ' என்ற சுவாஹிலிச் சொல்லிலிருந்து அது வந்தது என்பது பரவலான விளக்கம். பிற்காலத்தில் இவை எல்லாமே டெங்குவின் வரலாறு என்று ஒரே வரிசையில் அடுக்கப்பட்டன.

அந்த வரிசையைக் கலைத்தவர் வேலூரில் வேலை பார்த்த ஒருவர் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

1952-53-ல் தங்கனிக்காவில் வேறொரு வைரஸ் அடையாளம் காணப்பட்டது. உடம்பு வளைந்து போவதைக் குறிக்கும் மகொண்டே மொழிச் சொல்லால் அதற்கு சிக்குன்குனியா என்று பெயர் வைத்தார்கள். 1964-ல் அது வேலூரில் பரவியது. அதே சமயத்தில் டெங்குவும் அங்கே இருந்தது. மையர்ஸ், கேரி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே நோயாளியிடமிருந்து இரண்டு வைரஸ்களையும் பிரித்தெடுத்து, 1967-ல் அதை வெளியிட்டார்கள். ஒரே உடம்பில் இரண்டு காய்ச்சல்! வெளியிலிருந்து பார்க்கும் மருத்துவர் எதை எதிலிருந்து பிரிப்பார்?

பிறகு கேரி பழைய ஏடுகளுக்குத் திரும்பினார். டெங்குவில் உடம்புவலி பெரும்பாலும் காய்ச்சலோடு போய்விடும். சிக்குன்குனியாவின் மூட்டுவலி மாதக்கணக்கில் நிற்கும். 2006-க்குப் பிறகு மாடிப்படி ஏற முடியாமல் தவித்தவர்களை நம் தெருக்களிலேயே பார்த்திருக்கிறோமே. பைலன் எழுதியதும், கரீபியனில் பரவியதும் சிக்குன்குனியாவாக இருக்கக்கூடும் என்று 1971-ல் கேரி வாதிட்டார். அது சரியென்றால், டெங்கு என்ற பெயரே முதலில் வேறொரு நோய்க்கு வைக்கப்பட்டது.

பெயர்தானே, மாறினால் என்ன என்று விட்டுவிட முடியாது. மூட்டுவலிக்கு நாமாக வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை டெங்குவில் ரத்தக்கசிவை மோசமாக்கலாம்.

1943-ல் நாகசாகியில் கிமுராவும் ஹொட்டாவும் டெங்கு வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் பெயரை உறுதிசெய்ய வழி பிறந்தது. இன்றைய மூன்று வரிகளும் அந்த வழியில் வந்தவை. என்எஸ்1 என்பது வைரஸின் புரதம். காய்ச்சலின் முதல் சில நாட்களில் ரத்தத்தில் கிடைக்கும். ஐஜிஎம் நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள். பெரும்பாலும் ஐந்தாம் நாளை ஒட்டித்தான் தெரிய வரும். இரண்டாம் நாளில் ஐஜிஎம் 'நெகட்டிவ்' என்று வந்தால் டெங்கு இல்லை என்று அர்த்தமில்லை. முன்பே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு ஐஜிஜி சீக்கிரமே உயரும்.

பெயர் தெரிந்தால் மட்டும் உயிர் தப்பிவிடாது. பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையில் சுசித்ரா நிம்மன்னித்யா படுக்கையருகே நின்று கவனித்தது வேறொன்றை: தட்டணுக்கள் குறையும் நேரத்தில் ரத்தம் கெட்டிப்படுகிறதா? ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதன் அடையாளம் அது. காய்ச்சல் இறங்கி, வீட்டார் நிம்மதி அடையும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் அது நடக்கும். லேப் தாளில் ஹீமட்டோகிரிட் என்று ஒரு வரி உண்டு. பிளேட்லெட்டோடு அதையும் பார்க்க வேண்டும்.

தாளில் இல்லாத ஒரு தகவலும் உண்டு. அது இல்லாமல் இந்த வரிகளில் எதையும் சரியாகப் படிக்க முடியாது. டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்: "காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சது?"