கரி செய்த காரியம்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் தமிழ் நேயர்களுக்குத் தென்னை புதியதன்று. கொப்பரை எடுத்தபின் சிரட்டை அடுப்புக்குப் போகிறது. இல்லத்து விளக்கோ, பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலைக் கொண்டே எரிகிறது. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணும்போது, கரியின் பழைய வரலாறொன்று நம் நினைவுக்கு வருகிறது.

1842-ஆம் ஆண்டில் வில்லியம் குரோவ் என்னும் அறிஞர், ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் பிளாட்டினத் தகடுகளின்மேல் வினைபுரியச் செய்து மின்சாரம் பெற்றார். பிராணவாயு எலெக்ட்ரான்களை ஏற்பதில் மிக மந்தமானது. தான் செலவாகாமல் அதனைத் தூண்டும் பொருளையே வினையூக்கி என்கிறோம். பிளாட்டினம் அதில் வல்லது; ஆனால் விலையோ மிக அதிகம்.

முதல் உலகப் போரின்போது மாங்கனீசு ஆக்சைடு கிடைப்பது அரிதாயிற்று. அதற்கு மாற்றாகக் காற்றையே உண்ணும் கரிக்கோல் மின்கலத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஷார்ல் ஃபேரி அமைத்தார். 1932-இல் அமெரிக்கரான ஹெய்சும் ஷூமாக்கரும் நுண்துளைக் கரியைத் துத்தநாகத்தோடும் காரக் கரைசலோடும் இணைத்தனர். இத்தகைய மின்கலங்கள் இரயில் கைகாட்டிகளுக்கும் கடல் மிதவை விளக்குகளுக்கும் உதவின. மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளில் வானொலியும் அக்காலத்தில் கரிக் காற்றுக் கலத்தால் பேசிற்று. துத்தநாகம் தீர்ந்தால் கலமும் தீர்ந்தது என்பதே குறை.

பின்னர் வந்த எரிபொருட்கலங்கள் பெரும்பாலும் பிளாட்டினத்தையே நாடின. 2009-இல் லிமிங் தாய் குழுவினர் ஓர் உண்மையை வெளியிட்டனர். நைட்ரஜன் கலந்த கரிக் குழல்கள் காரக் கரைசலில் பிளாட்டினத்தையும் விஞ்சின. நைட்ரஜன் அருகிலுள்ள கரியணுவின் எலெக்ட்ரான்களைத் தன்பால் ஈர்க்கிறது; அவ்விடத்தில் பிராணவாயு எளிதிற் பற்றுகிறது. எனினும், கரியில் ஒளிந்த இரும்புத் துகளே இவ்வேலையைச் செய்ததோ என்ற ஐயம் அறிஞரிடையே எழுந்தது. அமிலத்தில் கரி விரைவிற் சோர்வதும் உண்மை.

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்ததால், 1948-இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. இத்தகைய ஆய்வுக்குத் தமிழ்நாட்டிலேயே இடமுண்டு என்பதற்கு அது சான்று.

நுண்துளை மிகுந்த சிரட்டைக்கரி, முதல் உலகப் போரில் நச்சுப்புகை முகமூடிகளில் வீரர்களின் உயிரைக் காத்தது. அது நாளையே தீவுகளுக்கு ஒளி தரும் என்று நாம் கூறவில்லை. ஆயினும் கப்பலின் வரவை எதிர்நோக்கி வாழ்வோர் இவ்வரலாற்றை அறிதல் நன்று. எளிய பொருளென்று நாம் அடுப்பிலிடும் கரி, அரிய உலோகத்தின் வேலையை முன்னொருகால் செய்தே இருக்கிறது.