சாம்போர்ன் வீடு: ஒரு விக்டோரியக் குடியிருப்பு மரபுச் சின்னமான வரலாறு

லண்டன் கென்சிங்டனில் ஸ்டாஃபோர்ட் டெரஸ் தெருவின் 18ஆம் எண் வீட்டுக்குக் கட்டடக்கலைச் சிறப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. 1870களின் தொடக்கத்தில் ஒட்டுச்சுவரோடு வரிசையாக எழுப்பப்பட்ட ஒரே மாதிரியான வீடுகளில் அதுவும் ஒன்று. இன்று அது அருங்காட்சியகம். கட்டியவரின் திறமை இந்த உயர்வுக்குக் காரணமல்ல. குடியிருந்தவர்கள் உள்ளே எதையும் கலைக்காமல் விட்டதே காரணம். அந்தக் கலையாமையை மரபு மதிப்பாக ஏற்பதற்கு இங்கிலாந்தின் ரசனையும் சட்டமும் மாற வேண்டியிருந்தது.

'பஞ்ச்' இதழின் கேலிச்சித்திரக்காரர் லின்லி சாம்போர்ன் (1844–1910), மனைவி மரியனோடு 1875இல் இங்கே குடிவந்தார். ஆப்பிரிக்காவின் இரு முனைகளிலும் கால் பதித்து நிற்கும் செசில் ரோட்ஸின் படத்தை (1892) வரலாற்று நூல்களில் பார்த்தவர்களுக்கு அவர் கைவண்ணம் அறிமுகமானதுதான். லெய்டன் போன்ற பெரிய ஓவியர்கள் அருகிலேயே மாளிகை போன்ற ஓவியக்கூடங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாம்போர்னுக்கு அவ்வளவு வசதியில்லை, ஆசைக்குக் குறைவில்லை. வில்லியம் மாரிஸ் வடிவமைத்த சுவர்த்தாள், நீலவெள்ளைப் பீங்கான், வண்ணக் கண்ணாடிச் சன்னல், இண்டு இடுக்கெல்லாம் சட்டமிட்ட படங்கள் என்று வீட்டை நிறைத்தார். பின்னாளில் தோல் போலப் புடைப்பு வேலை செய்த விலை உயர்ந்த தாளை ஒட்டியபோது, படங்கள் மறைக்கும் இடங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களில் மட்டும் ஒட்டச் செய்தார். படங்களுக்குப் பின்னால் பழைய மாரிஸ் தாள் தப்பிப் பிழைத்தது. நடுத்தர வர்க்கப் பகட்டையும் சிக்கனத்தையும் ஒரே சுவரில் காட்டும் இதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரியவில்லை. குளியலறையையே புகைப்பட இருட்டறையாக்கினார். வேலையாட்களையும் பிள்ளைகளையும் நிற்கவைத்து எடுத்த படங்களைப் பார்த்துத்தான் கேலிச்சித்திரங்களை வரைந்தார். 1877இல் எடுத்த வீட்டுச் சாமான் பட்டியலும் மரியனின் நாட்குறிப்புகளும் இருப்பதால், எந்தப் பொருள் எந்த அறையில் இருந்தது என்பதில் ஊகத்துக்கு அதிகம் இடமில்லை.

இத்தகைய வீட்டைச் சட்டம் நீண்ட காலம் கண்டுகொள்ளவில்லை. 1882ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம் பெரும்பாலும் வரலாற்றுக்கு முற்பட்ட கற்சின்னங்களையே காத்தது. 1913ஆம் ஆண்டுச் சட்டமோ மக்கள் குடியிருக்கும் வீடுகளை விலக்கியே வைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தை ஒட்டிக் கட்டடங்களைப் பட்டியலிட்டபோது 1840க்கு முற்பட்டவற்றுக்கே முதலிடம் கிடைத்தது. விக்டோரியக் கட்டடம் என்றாலே அழுக்கு, நெரிசல், போலி அலங்காரம் என்பது படித்தவர்களின் பொதுக்கருத்து. 1937இல் தொடங்கிய ஜார்ஜியக் குழுவும் விக்டோரியக் காலத்துக்கு முந்தைய நூற்றாண்டின் கட்டடங்களுக்காகத்தான் வாதாடியது.

மரியன் 1914இல் இறந்தபின் மணமாகாத மகன் ராய் 1946 வரை வீட்டை ஏறக்குறைய அப்படியே வைத்திருந்தார். அதன்பின் சாம்போர்னின் மகள்வழிப் பேத்தி, ராஸ் சீமாட்டி ஆன், பொறுப்பேற்றார். அவருடைய கணவர் ஜார்ஜியக் குழுவின் முக்கியப் புள்ளி என்பது வேடிக்கை. 1957 நவம்பரில் ஆன் இந்த வீட்டில் விருந்து வைத்து, விக்டோரியக் கலைக்கும் ஒரு சங்கம் வேண்டும் என்றார். கவிஞர் ஜான் பெட்ஜமன், கலை வரலாற்றறிஞர் நிகோலஸ் பெவ்ஸ்னர் போன்றோர் துணைநிற்க, 1958இல் விக்டோரியன் சொசைட்டி பிறந்தது.

சங்கத்தின் தொடக்கம் தோல்விதான். யூஸ்டன் நிலைய வளைவை 1961–62இல் இடித்தார்கள். நிலக்கரிச் சந்தைக் கட்டடமும் 1962இல் போயிற்று. ஆனால் அந்த இழப்புகள் கிளப்பிய ஆத்திரம் வீண்போகவில்லை. 1967இல் செயின்ட் பாங்கிராஸ் நிலையம் முதல்தரப் பட்டியலில் சேர்ந்தது. ஸ்டாஃபோர்ட் டெரஸ் வீட்டை 1980இல் பெருநகர லண்டன் கவுன்சில் விலைக்கு வாங்கியது. விக்டோரியன் சொசைட்டி அதைப் பொதுமக்களுக்குத் திறந்தது. பின்னர் அது கென்சிங்டன்–செல்சி நகராட்சியின் பொறுப்புக்கு வந்தது.

2008இல் இங்கிலிஷ் ஹெரிடேஜ் வெளியிட்ட பாதுகாப்புக் கோட்பாடுகள் சான்று, வரலாறு, அழகு, சமூகம் என மரபு மதிப்பை நான்காக வகுத்தன. இந்த வீடு முதலாவதில்தான் மிக வலுவானது. ஆனால் சான்று எல்லாத் தளத்திலும் ஒரே அளவில் மிஞ்சவில்லை. வரவேற்பறைப் பொருள்களைக் கண்ணும் கருத்துமாய்க் காத்த குடும்பத்துக்குக் கீழ்த்தளச் சமையலறையும் மாடிப் பணிப்பெண் அறையும் காக்க வேண்டியவையாகத் தோன்றவில்லை. வீட்டைப் புதுப்பித்து 2022இல் மீண்டும் திறந்தபோது அவ்விரண்டையும் மறுபடி உருவாக்கியே காட்ட வேண்டியிருந்தது. வேலையாட்களின் வாழ்க்கையைப் பொறுத்தவரை, அந்த அறைகளைவிட மரியனின் நாட்குறிப்பும் சாம்போர்னின் புகைப்படங்களுமே ஆய்வாளருக்கு நேரடிச் சான்றுகள்.