மண்ணில் மறைந்த பொன்னும் கள்ளாமை விரதமும்

காவிரி பாயும் தஞ்சை நாட்டில், ஏர் உழும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் பழம்பொருள்கள் வெளிப்படுதல் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசனும் அவன் தமக்கை குந்தவையாரும் அளித்த அணிகலன்களின் எடையும் முத்துகளின் எண்ணிக்கையும் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. திருமலையில் சினாலயம் எடுப்பித்த குந்தவையாரும் இவரே. கல்வெட்டு நிலைத்துள்ளது, அணிகலன்கள் இன்று அங்கில்லை.

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் நிலத்தைத் தோண்டியபோது, ஒரு கலயத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. எடை ஏறத்தாழ 1.7 கிலோ. அவை அரசிடம் ஒப்படைக்கப்பட்டமையால் செய்தி உலகறிந்தது. மறைவில் தோண்டி உலையில் உருக்கியிருப்பின், அவை எக்காலத்தன, எவ்விடத்தில் இருந்தன என அறிய வழியே இராது.

மேலைநாடுகளில் உலோகங்காட்டும் கருவியுடன் வயல்களில் பழநகை தேடுதல் பொழுதுபோக்காக உள்ளது. 2009இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் அவ்வாறு கிடைத்த பொற்குவியல் அருங்காட்சியகங்களைச் சேர்ந்தது. நம் நாட்டில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். மறைப்பவர் தம் பங்கை இழப்பதோடு ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் பெறக்கூடும்.

சட்டம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை வகுத்துள்ளார். வைக்கப்பட்டதாயினும், வீழ்ந்ததாயினும், மறக்கப்பட்டதாயினும், கொடுக்கப்படாத பிறர்பொருளைக் கொள்ளாமையே கள்ளாமை அணுவிரதம் என்பது அவர் கருத்து. எனவே தீபங்குடியிலோ மன்னார்குடியிலோ நிலம் அகழும் சிராவகர், நகையோ படிமமோ காணின், அதனை அசைக்காது வட்டாட்சியருக்குத் தெரிவித்தலே விரதம் காத்தலும் வரலாறு காத்தலும் ஆகும்.