மரம் சாய்த்த கதை: கோடரி முதல் டிராக்டர் வின்ச் வரை



நம் பள்ளிக்குப் பின்புறம் இருந்த பழைய ரப்பர் நிரைகளை ஒரு முறை மறுநடவுக்காக அழித்தார்கள். சன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், "டீச்சர், மரம் விழும்போது எந்தப் பக்கம் ஓடணும்?" என்று கேட்டான். சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குச் சரியான விடை தெரியாமல் உயிரையும் உறுப்பையும் இழந்தவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. ஆகவே இன்று மரம் நட்ட கதையை விட்டுவிட்டு, மரம் சாய்த்த கதையைப் பார்ப்போம்.

பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து வளர்த்த 22 ரப்பர் கன்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1896ஆம் ஆண்டளவில் மலாக்காவில் டான் சே யான் என்பவர் ரப்பரைத் தோட்டப் பயிராகவே நட்டார். அதன் பிறகு ரப்பர் நடுவதற்காகக் காடு காடாக அழிக்கப்பட்டது.

அந்தக் காட்டு மரங்களைச் சாய்த்தவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக் குழுவினர். பெருமரங்களின் அடியில் பலகை போன்ற வேர்கள் விரிந்திருக்கும். அங்கே வெட்டுவது கடினம். எனவே மலாய்க்காரர்கள் கம்புகளால் பரண் கட்டி, அதன்மேல் நின்று 'பெலியோங்' என்னும் சிறு கோடரியால் வெட்டினார்கள். சரிவான நிலத்தில் இன்னொரு முறையும் இருந்தது. கீழே உள்ள மரங்களைப் பாதியளவு வெட்டி வைத்துவிட்டு, மேலே உள்ள பெருமரத்தை அவற்றின்மீது சாய்ப்பார்கள். ஒன்று மற்றொன்றைத் தள்ள, மலைச்சரிவே இடியோசையுடன் சாயும். வேலை விரைவாக முடிந்துவிடும். ஆனால் பாதி வெட்டிய மரம் எந்த நொடியில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு வெயில் காலத்தில் தீ வைப்பார்கள். சாம்பல் ஆறியதும் களை எடுக்கவும் கன்று நடவும் வந்தவர்களில் நம் முன்னோர்கள் பலர்.

ரப்பர் மரத்தின் பயன்தரும் காலம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள். அதன் பிறகு பால் குறையும், பட்டையும் தீர்ந்துவிடும். அப்போது நம் கையால் நட்ட மரத்தை நாமே சாய்க்க வேண்டிய காலம் வருகிறது.

வெட்டிவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் மண்ணுக்குள் ஒரு பகைவன் இருந்தான். அதுதான் வெள்ளை வேர் நோய். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி 1904ஆம் ஆண்டிலேயே இதைக் கண்டறிந்தார். இந்தப் பூசணம் மண்ணில் கிடக்கும் பழைய அடிக்கட்டையிலும் வேரிலும் உயிர்வாழும். அருகில் நட்ட இளங்கன்றின் வேரைப் பற்றி அதைக் கொன்றுவிடும். எனவே மரத்தை வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு பிடுங்க வேண்டும் என்ற தேவை பிறந்தது.

இந்த இடத்தில்தான் வின்ச் நம் கதைக்குள் வருகிறது. வின்ச் என்பது புதிய பொருள் அன்று. ஓர் உருளையில் கயிற்றைச் சுற்றி, நீண்ட கைப்பிடியால் உருளையைத் திருப்பி, பாரத்தை இழுக்கும் கருவி அது. கிணற்றில் நீர் இறைக்கும் இராட்டினமும் கப்பலின் நங்கூரத்தை ஏற்றும் உருளையும் அதன் உறவினர்களே. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டிரெவெல்லா சகோதரர்கள் என்போர் மரம் பிடுங்குவதற்கென்றே 'குரங்கு வின்ச்' என்ற கை வின்ச்சைச் செய்து விற்றார்கள். ஒரு வலிய அடிக்கட்டையில் கருவியைக் கட்டி, கம்பிக் கயிற்றின் மறுமுனையைச் சாய்க்க வேண்டிய மரத்தில் மாட்டி, நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளினால், ஓரிருவரே பெரிய மரத்தை வேரோடு சாய்த்துவிடலாம்.

இதற்கிடையே அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஜான் டோல்பியர் என்பவர் 1881ஆம் ஆண்டில் நீராவியால் இயங்கும் வின்ச்சை உருவாக்கினார். எருதுகளும் குதிரைகளும் இழுத்த பெருங்கட்டைகளை அது இழுத்தது. ஆனால் அது நின்ற இடத்தில் நின்றே இழுக்கும் கருவி. 1904ஆம் ஆண்டில் அதே கலிபோர்னியாவில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து செல்லும் டிராக்டரைச் சோதித்துப் பார்த்தார். ஊர்ந்து செல்லும் டிராக்டரின் முதுகில் வின்ச்சை ஏற்றியதும் நிலைமை மாறியது. மரம் இருக்கும் இடத்துக்கே இழுவை வலிமை செல்ல முடிந்தது. டிராக்டர் வின்ச்சுகளுக்குப் பெயர்பெற்ற ஹைஸ்டர் நிறுவனம் 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் தொடங்கப்பட்டது. அதே 1929இல் ஜெர்மனியில் ஸ்டீல் என்பவர் பெட்ரோலில் இயங்கும் சங்கிலி வாளைச் செய்தார். வெட்டுவதற்கு ஓர் இயந்திரம், இழுப்பதற்கு ஓர் இயந்திரம் என்று இரண்டும் அமைந்தன.

நம் நாட்டில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இராணுவம் விட்டுச் சென்ற லாரிகளில் வின்ச் பொருத்திக் காட்டுமரம் இழுத்தார்கள். அவற்றுக்குச் சீனத் தொழிலாளர்கள் வைத்த பெயர் 'சான் தாய் வோங்'. மலையரசன் என்பது அதன் பொருள். மரக்கட்டை லாரி ஓடிய ஊர்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும்.

1952ஆம் ஆண்டில் ரப்பர் மறுநடவு நிதிக்கான சட்டம் வந்தது. இலட்சக்கணக்கான ஏக்கரில் கிழ மரங்களை அகற்ற வேண்டியிருந்தது. இயந்திரத்துக்குப் பணமில்லாத இடங்களில் மரத்துக்கு நஞ்சு வைத்தார்கள். முதலில் ஆர்செனிக் கலந்த மருந்து. பின்னர் டீசலில் கலந்த 2,4,5-டி என்ற மருந்து. மரம் நின்றபடியே செத்து, துண்டு துண்டாக உதிரும். செலவு குறைவுதான். ஆனால் ஆர்செனிக் ஆட்டையும் மாட்டையும் மனிதரையும் கொல்லவல்லது. 2,4,5-டி மருந்தில் டயாக்சின் என்ற கொடிய நஞ்சு கலந்திருந்தது பின்னர் தெரியவந்தது. பட்டுப்போன கிளைகளோ முன்னறிவிப்பின்றி முறிந்து விழக்கூடியவை.

பின்னர் ரப்பர் கட்டைக்கே மதிப்பு வந்தது. 1967ஆம் ஆண்டு முதல் பிறையில் இயங்கிய மலாயாவாத்தா உருக்காலை ரப்பர் மரக்கரியைக் கொண்டு இரும்பை உருக்கியது. 1980களில் ரப்பர் கட்டை நாற்காலியாகவும் மேசையாகவும் மாறி வெளிநாடு சென்றது. நஞ்சு வைத்து அழுகவிடுவது நட்டமாயிற்று. சங்கிலி வாளும் டிராக்டரும் நிரைகளுக்குள் வந்தன.

அந்தக் காலத்தில்தான் நாம் தோட்டப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். நம் லயத்தில் மூன்றாம் வீட்டு மாமா ஒரு காண்டிரெக்டரிடம் மரம் வெட்டப் போவார். ஒருநாள் மரம் ஒன்று லயத்துப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. டிராக்டர் வேறு வேலைக்குப் போயிருந்தது. கயிற்றைக் கட்டி ஆறு பேர் கையால் இழுத்தார்கள். மரத்தின் உயரத்தைவிடக் கயிறு குட்டையாக இருந்தது. மரம் அவர்கள் இழுத்த பக்கமே வந்தது. ஐந்து பேர் ஓடித் தப்பினார்கள். மாமாவின் இடுப்பில் கிளை விழுந்தது. அவர் பிழைத்தார், ஆனால் மறுபடி வேலைக்குப் போகவில்லை. சொக்சோவில் அவர் பெயரைப் பதியவே இல்லை என்பது மருத்துவமனைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அத்தை இரண்டு நிரை கூடுதலாகப் பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தார். அவர்களுடைய மூத்த மகள் ஐந்தாம் ஆண்டோடு நம் வகுப்பிலிருந்து நின்றுவிட்டாள்.

அந்த மரத்தைப் பாதுகாப்பாகச் சாய்த்திருக்க முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

முதலாவது, கயிறு கட்டும் உயரம். மூன்று மீட்டர் உயரத்தில் கட்டி இழுப்பதைவிட ஆறு மீட்டர் உயரத்தில் கட்டி இழுத்தால், அதே இழுப்புக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சாய்க்கும் வலிமை கிடைக்கும். இது நெம்புகோல் கணக்கு.

இரண்டாவது, டிராக்டர் நிற்கும் இடம். மரம் விழும் திசையில் அது நிற்கக் கூடாது. விழும் திசையில் தூரத்திலுள்ள உறுதியான அடிக்கட்டையில் கப்பியைக் கட்டி, கம்பிக் கயிற்றை அதன் வழியே திருப்பி, டிராக்டரைப் பக்கவாட்டில் நிறுத்த வேண்டும். ஆனால் கயிறு செங்கோணமாகத் திரும்பும்போது 2 டன் இழுப்பு, கப்பியைத் தாங்கும் கட்டையின்மீது ஏறக்குறைய 2.8 டன்னாக விழும். உளுத்த கட்டை அதைத் தாங்காது.

மூன்றாவது, வெட்டும் முறை. விழ வேண்டிய பக்கத்தில் வாய்போல் ஓர் ஆப்பு வெட்டு. பிறகு எதிர்ப்பக்கத்தில் பின்வெட்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டை மரத்தை வெட்டாமல் விட வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படித்தான் மரத்துக்கு இந்தப் பட்டை. அதை அறுத்துவிட்டால் மரம் தன் விருப்பப்படி விழும். பின்வெட்டுக்கு முன் வின்ச் கயிற்றை இலேசாக இறுக்கினால் போதும். அளவுக்கு மீறி இழுத்தால் மரம் நெடுக்காகப் பிளந்து, வெட்டுபவர்மீதே பாயும்.

நான்காவது, இடைவெளி. மரம் 20 மீட்டர் உயரமானால், வெட்டுபவரைத் தவிர மற்றவர்கள் 40 மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும். இறுகிய கம்பிக் கயிற்றைத் தாண்டக் கூடாது. கயிறு திரும்பும் வளைவுக்கு உட்புறமும் நிற்கக் கூடாது. அறுந்த கம்பி சாட்டைபோல் வீசும்.

ஆகவே, நேயர்களே, வின்ச் என்ற இரும்பு மட்டும் நம்மைக் காப்பாற்றாது. அது மனிதனை மரத்திலிருந்து தூரமாக நிற்க வைக்கிறது. அந்தத் தூரத்தைக் காப்பது நம் கையில் இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விபத்துக்குப் பிந்திய உதவிக்கு வழி செய்தது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமோ விபத்துக்கு முன்பே பாதுகாப்பான கருவியும் பயிற்சியும் தருவதை முதலாளியின் கடமையாக்கியது. தாய்மார்களே, வீட்டில் ஒருவர் மரம் வெட்டப் போகிறார் என்றால், "பெர்கேசோவில் பேர் இருக்கா? பழக்கினாங்களா?" என்று முதல்நாளே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

கடைசியாக, அந்தச் சிறுவனுக்கு நாம் சொன்ன விடை இதுதான்: "மரம் விழும் திசைக்கு எதிராக, நேர் பின்னாலும் போகாமல், சற்றே ஒதுங்கிச் சாய்வாகப் போகணும், தம்பி. அந்தப் பாதையை மரம் விழும்போது தேடக் கூடாது. முதல் வெட்டு விழுவதற்கு முன்பே செடி கொடியை நீக்கிச் சுத்தம் பண்ணி வெச்சிருக்கணும்."

அவன் தலையாட்டிவிட்டு, "எங்கப்பாகிட்ட சொல்றேன், டீச்சர்" என்றான். நீங்களும் உங்கள் வீட்டில் சொல்லுங்கள்.