அழுத பிள்ளையும் அரசாணையும்

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தைப் பற்றி மிம்பர்களில் அடிக்கடி சொல்லப்படும் நிகழ்ச்சிகளுள் ஒன்று, இரவில் அழுத குழந்தையின் நிகழ்ச்சி. கேட்போர் கண்கலங்குவர், சொல்பவரும் கலங்குவார், அத்துடன் அது முடிந்துவிடும். நானும் வகுப்பில் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லி வந்தேன். இப்னு ஸஅத் (இறப்பு ஹி. 230 / கி.பி. 845) அவர்களின் 'தபகாத்' நூலில் அந்த அறிவிப்பை மாணவர்களுடன் அமர்ந்து மூலத்திலேயே வரிவரியாகப் படித்தபோதுதான், அது ஒரு கலீஃபாவின் இளகிய மனத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று, ஓர் அரசாணையில் நேர்ந்த பிழையைப் பற்றிய செய்தியும் ஆகும் என்பது எனக்குப் புலப்பட்டது.

வணிகர் கூட்டமொன்று மதீனா வந்து தொழுகைத் திடலில் இறங்கியிருந்தது. அன்றிரவு அவர்களுக்குக் காவலிருப்போம் என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை உமர் (ரலி) அழைத்துச் சென்றார்கள். இருவரும் தொழுதபடி காவலிருக்கையில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டது. உமர் (ரலி) தாயிடம் சென்று, இறைவனை அஞ்சிப் பிள்ளையை நன்கு கவனிக்கும்படி கூறித் திரும்பினார்கள். மறுபடியும் அழுகை, மறுபடியும் சென்று அதையே கூறினார்கள். இரவின் கடைப்பகுதியில் மீண்டும் அழுகுரல் எழவே, நீ நல்ல தாயாகத் தெரியவில்லையே என்று கடிந்துகொண்டார்கள். தம்முடன் பேசுபவர் யாரென்று அறியாத அப்பெண்மணி, இரவு முழுதும் என்னைத் தொல்லைப்படுத்திவிட்டீர் என்று சலித்துக்கொண்டு காரணத்தைச் சொன்னார்: பால்குடி மறக்கச் செய்ய முயல்கிறேன், பிள்ளை இணங்கவில்லை. ஏன் இந்த அவசரம் என்று கேட்டதற்கு, பால்குடி மறந்த பிள்ளைகளுக்கே உமர் உதவித்தொகை தருகிறார் என்று விடை வந்தது. பிள்ளைக்குச் சில மாதங்களே ஆகியிருந்தன.

அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில் அழுகையின் மிகுதியால் கலீஃபா ஓதியது மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. ஸலாம் கொடுத்தபின், முஸ்லிம்களின் பிள்ளைகளில் எத்தனை பேரை உமர் கொன்றானோ என்று தம்மையே நொந்துகொண்டார்கள். பால்குடியை விரைந்து நிறுத்த வேண்டாம், இஸ்லாத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்தது முதலே தொகை உண்டு என்று முரசறைவிக்கப்பட்டது. அதே ஆணை எல்லா மாகாணங்களுக்கும் எழுதி அனுப்பப்பட்டது.

மாணவர்களிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றே. முதலில் அந்த ஆணை ஏன் பால்குடி மறத்தலை எல்லையாக வைத்தது? அறிவிப்புகள் இதற்கு நேரடியாக விடை கூறவில்லை. ஆனால், அக்காலத்து நிர்வாகம் இயங்கிய முறையைப் பார்த்தால் காரணத்தை ஊகிக்க முடிகிறது.

பஹ்ரைனிலிருந்து அபூ ஹுரைரா (ரலி) ஐந்து லட்சம் திர்ஹம் கொண்டு வந்தபோது, அந்த எண்ணிக்கையையே உமர் (ரலி) முதலில் நம்பவில்லை. எண்ணிக் கொடுப்பதா, அளந்து கொடுப்பதா என்ற அளவுக்குப் பணம் வந்து சேர்ந்தது. அதைப் பங்கிடவே 'தீவான்' எனும் பதிவேடு உருவாயிற்று. ஹி. 15 என்பாரும் உண்டு. இப்னு ஸஅத் தரும் ஹி. 20 (கி.பி. 641) முஹர்ரம் என்ற தேதியே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வமிசாவளிக் கலையில் தேர்ந்த அகீல் இப்னு அபீ தாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) ஆகிய மூவரும் பெயர்களை எழுதினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குலத்தை அடுத்து அபூபக்ர், உமர் ஆகியோரின் குலங்களை அவர்கள் வைத்தபோது, நபியின் உறவு நெருக்கப்படியே வரிசை அமைய வேண்டும், உமரின் இடம் எதுவோ அங்கேயே அவனை வையுங்கள் என்று கலீஃபா திருத்தினார்கள்.

ரொக்கம் ஒருபுறமிருக்க, மாதந்தோறும் தானியமும் வழங்கப்பட்டது. அதன் அளவை நிர்ணயித்த விதம் என்னை மிகவும் கவர்ந்தது. பலாதுரீ (இறப்பு ஹி. 279) 'ஃபுதூஹுல் புல்தான்' நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். உமர் (ரலி) ஒரு ஜரீப் தானியத்தை அரைத்து, ரொட்டி சுட்டு, எண்ணெயில் ஊறவைக்கச் செய்தார்கள். முப்பது பேரை அழைத்து உண்ணச் செய்தார்கள். அனைவரும் பகலுணவை வயிறார உண்டனர். இரவுணவுக்கும் அவ்வாறே செய்து பார்த்தார்கள். முப்பது பேருக்கு ஒரு வேளை என்பது ஒருவருக்கு முப்பது நாள் ஒரு வேளை. ஆக, மாதத்துக்கு இரண்டு ஜரீப் ஒருவருக்குப் போதும் என்று முடிவாயிற்று. ஆண், பெண், அடிமை என்ற வேறுபாடின்றி அந்த அளவே வழங்கப்பட்டது. (ஜரீப் என்பது நில அளவைக்கும் பெயர், தானிய அளவைக்கும் பெயர். மாணவர்கள் தடுமாறுமிடம் இது.)

இன்று மக்கள்நல ஆய்வு என்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படுவதன் முதற்படி இதுதான்: ஒருவர் உயிர்வாழ எவ்வளவு வேண்டும் என்பதை ஊகத்துக்கு விடாமல் அளந்து பார்ப்பது. 1899இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஸீபோம் ரவுண்ட்ரீ வீடுவீடாகக் கணக்கெடுத்து, உடலுக்கு வேண்டிய குறைந்தபட்ச உணவின் விலையைக் கொண்டு வறுமைக்கோட்டை வரைந்தார். 1901இல் அது நூலாக வந்தது. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். கேட்கப்பட்ட கேள்வி ஒன்று.

இந்தக் கணக்குமுறையில் குழந்தையின் இடம் எது? பாலுண்ணும் குழந்தை ரொட்டி உண்ணாது. அதன் உணவு தாயிடம் இருக்கிறது. உணவுத் தேவையை அளவுகோலாகக் கொண்ட ஒரு நிர்வாகம், தானியம் உண்ணத் தொடங்கும் நாளையே கணக்கின் தொடக்கமாகக் கொண்டது இயல்பு என்றே தோன்றுகிறது. கணக்கு சரி. ஆனால், எல்லைக்கோட்டைக் கண்டதும் மக்கள் தம் நடத்தையை அதற்கேற்ப மாற்றிக்கொள்வர் என்பது கணக்கில் வரவில்லை. பால்குடி எப்போது மறக்கிறது என்பது வயதைப் போலத் தானாக வருவதன்று. அது தாயின் கையில் இருக்கிறது. தொகை அவசரப்படுத்தினால் அவளும் அவசரப்படுவாள். அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் நிறைவாகப் பாலூட்ட விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகளைக் கூறுகிறது. அதற்குமுன் நிறுத்துவதாயின் தாயும் தந்தையும் கலந்தாலோசித்து மனமொத்து முடிவு செய்ய அனுமதிக்கிறது. அந்த ஆலோசனையின் நடுவே பைத்துல் மால் தன்னையறியாமல் வந்து அமர்ந்துவிட்டது.

நாம் மேலோட்டமாகக் கடந்துபோகும் இடம் இன்னொன்று. உமர் (ரலி) முதலில் தாயைத்தான் குறை கூறினார்கள், அதுவும் ஒருமுறையன்று. பிள்ளை அழுதால் தாய் சரியில்லை என்பது எக்காலத்து அதிகாரிக்கும் முதலில் தோன்றும் எண்ணம். அவர்களின் சிறப்பு அப்படி எண்ணாமல் இருந்ததில் இல்லை. மூன்றாம் முறை காரணம் கேட்டதிலும், கிடைத்த விடை தம்மையே சுட்டியபோது அதை மறுக்காததிலும் இருக்கிறது. கலீஃபா என்று தெரிந்திருந்தால் அப்பெண் அந்த விடையைச் சொல்லியிருப்பாரா என்பது ஐயமே.

தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பது அவர்களின் வழக்கம். போருக்குச் சென்ற கணவனைப் பிரிந்து வாடும் பெண்ணொருத்தியின் குரலை இரவில் கேட்டபின், ஒரு பெண் எத்தனை காலம் கணவனைப் பிரிந்து பொறுத்திருப்பாள் என்று தம் மகளார் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவினார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அந்த விடையைக் கொண்டு படைவீரர் வெளியில் தங்கும் காலம் வரையறுக்கப்பட்டது. குடும்பத்தைப் பற்றிய சட்டத்துக்குக் குடும்பத்துப் பெண்ணிடமே தகவல் பெறப்பட்டது.

திருத்தப்பட்ட ஆணையின்படி, பிறந்த குழந்தைக்கு 100 திர்ஹம், சற்று வளர்ந்ததும் 200, பருவமடைந்தபின் அதனினும் கூடுதல். பத்ருப் போரில் கலந்துகொண்ட முஹாஜிர்களுக்கு ஆண்டுக்கு 5000, அவர்களின் புதல்வர்களுக்கு 2000 என்றிருந்த பதிவேட்டில் இது சிறுதொகையே. படிநிலை வேறுபாடு தீவானின் அடிப்படையாக இருந்தது. அபூபக்ர் (ரலி) சமமாகவே பங்கிட்டிருந்தார்கள். உமர் (ரலி) அவர்களும் இறுதிக்காலத்தில், உயிரோடிருந்தால் எல்லாரையும் சமமாக்குவேன் என்று கூறியதாக அறிவிப்பு உண்டு. ஹி. 23இல் ஷஹீதானார்கள், அது நிறைவேறவில்லை.

ஆனால், கண்டெடுக்கப்பட்ட அநாதைக் குழந்தைக்கும், 'லகீத்' என்று ஃபிக்ஹ் நூல்கள் அழைக்கும் அப்பிள்ளைக்கும், அதே 100 திர்ஹம் எழுதப்பட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வமிசாவளியை வைத்தே எழுதப்பட்ட ஏட்டில் வமிசமே தெரியாத பிள்ளை! அதற்குரிய மாதப் படியை வளர்ப்பவர் பெற்றுக்கொள்வார். பாலூட்டும் செலவும் பிற செலவும் பைத்துல் மாலைச் சேர்ந்தவை. ஸுனைன் அபூ ஜமீலா என்பவர் ஒரு குழந்தையைக் கண்டெடுத்து வந்தபோது, உமர் (ரலி) முதலில் ஐயத்துடன் விசாரித்ததையும், அவருடைய 'அரீஃப்', அதாவது குழுப் பொறுப்பாளர், இவர் நல்லவர் என்று சான்று கூறியபின், குழந்தை சுதந்திரமானது, செலவு எம்முடையது என்று தீர்ப்பளித்ததையும் இமாம் மாலிக் (ரஹ்) 'முவத்தா'வில் பதிந்துள்ளார்கள். பரிவு இருந்தது, விசாரணையும் இருந்தது.

சுவீடனில் குழந்தைகளுக்குத் தரப்படும் தொகைக்கு 'உமர் சட்டம்' என்றே பெயர் என நம் மேடைகளில் சிலர் முழங்குகின்றனர். அதற்கு ஆதாரம் கிடையாது. சுவீடனில் எல்லாக் குழந்தைகளுக்குமான உதவித்தொகை 1948இல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் 1945ஆம் ஆண்டுச் சட்டத்தால், இரண்டாம் குழந்தை முதல் வாரம் 5 ஷில்லிங் என்று வந்தது. அவற்றுக்கு அந்நாடுகளின் சொந்தப் போராட்டங்கள் காரணம். எலினார் ராத்போன் எனும் பெண்மணி பல பத்தாண்டுகள் வாதாடிய வரலாற்றை நாம் அபகரிக்க வேண்டியதில்லை. உமர் (ரலி) அவர்களின் புகழுக்கு இல்லாத சான்று தேவையில்லை.

நம் சான்றுகளையே முழுமையாகப் படித்தால் கசப்பான பகுதியும் வரும். அபூ கபீல் வழியாக வரும் ஓர் அறிவிப்பு அதைச் சுருக்கமாகக் கூறுகிறது. உமர் (ரலி) காலத்தில் குழந்தை பிறந்தவுடன் பத்து தீனார் எழுதப்பட்டது. ஒரு தீனாருக்குப் பத்து திர்ஹம் என்ற கணக்கில் அது அந்த 100 திர்ஹம்தான். முஆவியா (ரலி) ஆட்சியில் (ஹி. 41–60) அது பால்குடி மறந்த பிள்ளைகளுக்கு மட்டும் என்றாயிற்று. பதிவேடு பெருகிப் பைத்துல் மாலின் சுமை கூடியது காரணமாக இருக்கலாம். எப்படியாயினும், தொழுகைத் திடலில் அந்தத் தாய் சலித்துக்கொண்ட அதே விதி, நாற்பதாண்டு கழிவதற்குள் மீண்டும் ஏட்டில் ஏறிவிட்டது. பின்னர் அப்துல் மலிக் இப்னு மர்வான் (ஹி. 65–86) தாம் விரும்பியவர்களுக்குத் தவிர மற்றவர்களுக்கு அதையும் நிறுத்திவிட்டார்.