காஸ்பிர் கவச வண்டியும் தென்னாப்பிரிக்க உள்நாட்டுப் பாதுகாப்பு நடவடிக்கைகளும்

காஸ்பிர் என்பது தென்னாப்பிரிக்காவில் 1970களின் இறுதியில் உருவாக்கப்பட்ட, கண்ணிவெடியைத் தாங்கும் நான்கு சக்கரக் கவச வண்டியாகும். ஓட்டுநரும் துணைவரும் தவிர 12 பேர் இதில் அமரலாம். எடை ஏறத்தாழ 11 டன். எல்லைப்புறக் காட்டுப் பாதைகளில் காவலர்களின் உயிரைக் காப்பதற்காகப் பிறந்த இவ்வண்டி, சில ஆண்டுகளிலேயே கறுப்பின மக்களின் குடியிருப்புத் தெருக்களில் அச்சத்தின் அடையாளமாக மாறியது. நிறவெறி ஆட்சியின் கடைசிப் பத்தாண்டை அறிய விரும்பும் மாணவர்கள் இந்த ஒரு வண்டியின் கதையைப் பின்தொடர்ந்தாலே பலவற்றைப் புரிந்துகொள்ளலாம்.

பெயர் வந்த விதம்

காஸ்பிர் என்ற சொல்லுக்கு எந்த மொழியிலும் பொருள் இல்லை. தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் ஆங்கிலச் சுருக்கமான எஸ்.ஏ.பி., அறிவியல் மற்றும் தொழில்துறை ஆய்வுக் குழுமத்தின் சுருக்கமான சி.எஸ்.ஐ.ஆர். ஆகிய இரண்டின் எழுத்துகளையும் கலைத்து அடுக்கியதே இப்பெயர். (இந்தியாவிலும் இதே சுருக்கப் பெயருடன் ஓர் ஆய்வுக் குழுமம் உள்ளது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கேட்டவர் காவல்துறை, செய்து கொடுத்தவர் ஆய்வுக்கூடம் என்ற செய்தி பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

ஒரு போர் வண்டியை இராணுவம் கேட்காமல் காவல்துறை ஏன் கேட்டது? இன்று நமீபியா எனப்படும் தென்மேற்கு ஆப்பிரிக்காவைத் தென்னாப்பிரிக்கா முதல் உலகப் போருக்குப் பின் தன் ஆட்சியில் வைத்திருந்தது. அங்கு விடுதலை கோரிய சுவாப்போ இயக்கம் 1966 ஆகஸ்டில் ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியது. அதைப் போர் என்று ஒப்புக்கொள்ள பிரிட்டோரியா அரசு விரும்பவில்லை. குற்றச் செயல் என்றே கூறி, எல்லைக் காவலைக் காவல்துறையிடம் விட்டுவைத்தது. 1974இல்தான் இராணுவம் அப்பொறுப்பை ஏற்றது. ஆகவே வடக்கு எல்லையின் மண் சாலைகளில் கண்ணிவெடிகளுக்கு முதலில் பலியானவர்கள் காவலர்களே.

கண்ணிவெடியும் அடிப்பகுதியும்

சோவியத் தயாரிப்பான டி.எம்.-46, டி.எம்.-57 வகைக் கண்ணிவெடிகள் தட்டு வடிவானவை. மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. சாதாரண லாரியின் சக்கரம் ஏறியவுடன் வெடித்து, தட்டையான தளத்தைப் பிளந்து உள்ளிருப்போரைக் கொல்லும்.

அக்காலத்தில் ரொடீசியா எனப்பட்ட ஜிம்பாப்வேயிலும் இதே சிக்கல் இருந்தது. அங்கு முதலில் லேண்ட்ரோவர் வண்டிகளின் தளத்தில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள்; சக்கரங்களில் காற்றுடன் தண்ணீரையும் நிரப்பினார்கள். பிறகு அடிப்பகுதியை ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் கூராக வளைத்து ‘லெப்பர்ட்’ போன்ற வண்டிகளைப் பட்டறைகளிலேயே கட்டினார்கள். அந்த அனுபவம் தென்னாப்பிரிக்கர்களுக்குக் கைகொடுத்தது.

தத்துவம் எளியது. மழைநீர் தட்டையான மொட்டை மாடியில் தேங்கும், சாய்ந்த ஓட்டுக்கூரையில் வழிந்து ஓடிவிடும். வெடியின் வேகமும் அப்படித்தான். ஓட்டுக்கூரையைத் தலைகீழாகக் கவிழ்த்து வண்டியின் அடியில் பொருத்தினால், கீழிருந்து பாயும் வெடியலை இருபக்கமும் சிதறிப் போகும். வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவுக்கு வெடியின் வலிமை குறையும். சக்கரம் பிய்த்துக்கொண்டு பறக்கலாம், அதில் தவறில்லை. சக்கரத்தை மறுநாள் மாற்றிவிடலாம்.

1974இல் பெட்ஃபோர்ட் லாரியின் சட்டகத்தின் மேல் கட்டப்பட்ட ‘ஹிப்போ’ இவ்வகையில் முன்னோடி. அடுத்து 1978இல் இராணுவத்துக்கு யூனிமாக் லாரியின் மேல் கட்டப்பட்ட ‘பஃபல்’ வந்தது. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பஃபல் என்றால் காட்டெருமை. திறந்த தொட்டி போன்ற பின்பகுதியில் 10 வீரர்கள் முதுகோடு முதுகு சேர்த்து, வெளிப்புறம் பார்த்தபடி இருக்கைப் பட்டியுடன் அமர்வார்கள். காஸ்பிர் இவற்றைவிட ஒரு படி மேல். இதில் தனிச் சட்டகம் கிடையாது; எஃகுக் கூடே உடல், கூடே சட்டகம். ஒரு சக்கரத்தின் கீழ் மூன்று டி.எம்.-57 கண்ணிவெடிகள், அதாவது ஏறத்தாழ 21 கிலோ டி.என்.டி. ஒருசேர வெடித்தாலும் உள்ளிருப்போர் தப்புவார்கள் என்ற அளவுக்கு வடிவமைக்கப்பட்டது. ஆய்வுக் குழுமத்தின் வெர்னான் ஜாய்ண்ட் இம்முயற்சியில் முதன்மையானவராகக் குறிப்பிடப்படுகிறார்.

தடை வளர்த்த தொழில்

1976 ஜூன் 16 அன்று சொவேட்டோவில் பள்ளி மாணவர்கள் சுடப்பட்டனர். 1977 செப்டம்பரில் கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பைக்கோ காவலில் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 418ஆம் தீர்மானத்தின் மூலம் தென்னாப்பிரிக்காவுக்குக் கட்டாய ஆயுதத் தடை விதித்தது. 1963இலிருந்து இருந்த தடை விருப்பத்தின்பேரிலானது. பிரான்சு போன்ற நாடுகள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

புதிய தடை போர் விமானங்கள் போன்ற நுட்பமான கருவிகளில் நாட்டைப் பின்தங்கச் செய்தது உண்மை. ஆனால் எஃகுத் தகடு, டீசல் இயந்திரம், பற்றவைக்கும் தொழிலாளி ஆகிய மூன்றும் உள்ள நாட்டில் கவச வண்டி செய்வதை அத்தடையால் நிறுத்த முடியவில்லை. 1968இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான ஆம்ஸ்கோர் உள்நாட்டுத் தயாரிப்பைப் பெருக்கியது. இஸ்ரேலின் கலீல் துப்பாக்கி இங்கு ஆர்-4 ஆனது. பிரெஞ்சு பனார் கவச வண்டி ‘ஈலண்ட்’ ஆனது. காஸ்பிரைப் பொறுத்தவரை அதன் இயந்திரம் ஜெர்மானிய மெர்சிடிஸ் பென்ஸ் லாரி இயந்திரம். லாரி உறுப்புகளை ஆயுதம் என்று யாரும் கணக்கிடவில்லை. தடை என்ற வலையில் இருந்த பெரிய ஓட்டை இதுதான்.

கூவூட்

காஸ்பிரை அதிகம் பயன்படுத்தியது 1979இல் ஹான்ஸ் டிரையர் என்ற காவல் அதிகாரி அமைத்த சிறப்புப் பிரிவு. அதன் செல்லப்பெயர் கூவூட். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் கடப்பாரை என்று பொருள். அதிகாரிகள் பெரும்பாலும் வெள்ளையர். கீழுள்ளோர் உள்ளூர் ஓவம்போ மக்கள். மண்ணில் பதிந்த காலடித் தடத்தைப் பார்த்தே போனவர் எத்தனை பேர், எவ்வளவு நேரத்துக்கு முன் போனார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். நான்கு காஸ்பிர்கள் கொண்ட ஒரு குழு, தடம் காண்போரை முன்னால் ஓடவிட்டு, புதர்களை நசுக்கியபடி நாள் கணக்கில் துரத்தும். நடந்து செல்லும் கெரில்லா களைப்பான், வண்டி களைக்காது.

கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் பணம் வழங்கும் முறை அங்கே இருந்தது. உயிரோடு பிடிப்பதைவிடக் கொல்வது இலாபம் என்ற நிலை. இறந்தவர்களின் உடல்களைக் காஸ்பிரின் சக்கர மறைப்பில் கட்டி, கிராமங்கள் வழியே ஓட்டிச் சென்றதும் பின்னாளில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் வந்தது. 1989 ஏப்ரல் 1 அன்று போர்நிறுத்தம் தொடங்கிய நாளிலேயே அங்கோலாவிலிருந்து வந்த சுவாப்போ போராளிகளைக் காஸ்பிர்கள் எதிர்கொண்டன. சில நாட்களில் 300க்கும் மேற்பட்ட போராளிகள் இறந்தனர். அப்போது ஐ.நா. படைக்குத் தலைவராக இருந்தவர் இந்திய ஜெனரல் திவான் பிரேம் சந்த். அவரது படையில் பெரும்பகுதி அன்று நாட்டுக்குள் வந்தே சேரவில்லை. 1990 மார்ச் 21 அன்று நமீபியா விடுதலை பெற்றது.

தெருவுக்கு வந்த வண்டி

1984 செப்டம்பர் 3 அன்று ஜொகன்னஸ்பர்க்குக்குத் தெற்கேயுள்ள வால் பகுதியில் வாடகை உயர்வை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. அக்டோபரில் ஏறத்தாழ 7,000 படையினரும் காவலரும் செபோகெங் குடியிருப்பைச் சுற்றி வளைத்து வீடு வீடாகச் சோதனையிட்டனர். 1985இல் மட்டும் 35,000க்கும் மேற்பட்ட வீரர்கள் குடியிருப்புகளில் நிறுத்தப்பட்டனர். கட்டாயப் படைச்சேவையில் வந்த வெள்ளை இளைஞர்களே இவர்களில் பெரும்பாலோர். அண்டை நாட்டு எல்லைக்குப் போவோம் என்று நினைத்து வந்தவர்கள், தங்கள் வீட்டு வேலைக்காரியின் தெருவில் துப்பாக்கியுடன் நின்றார்கள். கட்டாயச் சேவை எதிர்ப்பு இயக்கம் வலுப்பெற்றதற்கு இது முக்கியக் காரணம். அரசு 1988இல் அவ்வியக்கத்தின் செயல்பாடுகளைத் தடை செய்தது.

இத்தெருக்களில் கண்ணிவெடி கிடையாது. கல், எரியும் டயர், பெட்ரோல் குண்டு, இவ்வளவே. ஆனால் வந்தவை கண்ணிவெடியைத் தாங்கும் வண்டிகள். உயரமான எஃகுப் பெட்டிக்குள் அமர்ந்து, தடித்த கண்ணாடி வழியே பார்க்கும் காவலருக்கும் கீழே நிற்கும் மனிதருக்கும் இடையே பேச்சு என்பதே இல்லாமல் போயிற்று. குடியிருப்பு மக்கள் எல்லாக் கவச வண்டிகளையும் ‘ஹிப்போ’ என்றே அழைத்தனர். அவற்றைத் தடுக்க இரவோடு இரவாகத் தெருக்களின் குறுக்கே பள்ளம் தோண்டினர்.

1985 மார்ச் 21 அன்று, ஷார்ப்வில் படுகொலையின் 25ஆம் நினைவு நாளில், யூட்டன்ஹாஹேயை அடுத்த லாங்காவில் இறுதிச் சடங்குக்குச் சென்ற ஊர்வலத்தைக் கவச வண்டிகளில் வந்த காவலர் மறித்துச் சுட்டனர். 20 பேர் இறந்தனர். நீதிபதி கன்னமேயர் ஆணையம் விசாரித்தபோது இரண்டு உண்மைகள் வெளிவந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் பின்புறமாகச் சுடப்பட்டிருந்தனர். அன்று காவலருக்குக் கண்ணீர்ப்புகையோ ரப்பர் தோட்டாவோ வழங்கப்படவில்லை. உயிர்பறிக்கும் தோட்டாக்கள் மட்டுமே வண்டியில் இருந்தன. கருவிகளைப் பற்றிய வரலாற்றில் இந்த இரண்டாவது செய்தியை அடிக்கோடிட வேண்டும். கூட்டத்தைக் கலைக்கும் கருவி கையில் இல்லாதபோது கலைப்பதும் கொல்வதும் ஒன்றாகிவிடுகிறது. அவ்வளவும் தெரிந்த பிறகும் ஆணையம் தனிப்பட்ட காவலர் எவரையும் குற்றவாளியாக்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று கேப் டவுனின் ஆத்லோன் பகுதியில் நடந்தது இன்னும் விசித்திரமானது. கவச வண்டியைக் கண்டாலே இளைஞர்கள் சந்துகளில் மறைந்துவிட்டார்கள். எனவே காவலர் ஒரு சாதாரண இரயில்வே லாரியில் மரப்பெட்டிகளுக்குள் ஒளிந்து சென்று, கல் விழுந்தவுடன் எழுந்து சுட்டனர். மூவர் இறந்தனர், இளையவருக்கு வயது 11. கிரேக்கக் கதையை நினைவூட்டி இதற்கு ‘ட்ரோஜன் குதிரை’ நிகழ்வு என்று பெயர் வந்தது.

எல்லை தாண்டிய வடிவம்

1980களின் நடுப்பகுதியில் இலங்கை இராணுவம் தென்னாப்பிரிக்காவிலிருந்து பஃபல் வண்டிகளை வாங்கியது. வடக்கு, கிழக்கின் சாலைகளில் தமிழ் இயக்கங்களின் கண்ணிவெடிகளே அதற்குக் காரணம். பின்னர் இலங்கை இராணுவப் பட்டறைகளிலேயே ‘யுனிகார்ன்’, ‘யூனிபஃபல்’ என்ற பெயர்களில் அவ்வடிவம் கட்டப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இந்த வண்டியின் உருவம் நன்கு தெரியும். ஓவம்போலாந்துக்காக வரைந்த வரைபடம் அதற்குள் எவ்வளவு தூரம் பயணப்பட்டிருந்தது! வழக்கம்போல எதிர்த்தரப்பும் மாறியது. அடியில் புதைப்பதைவிட, பக்கவாட்டில் மரத்தோடு கட்டி வெடிக்கும் கிளைமோர் பெருகியது. கூரான அடிப்பகுதி பக்கவாட்டு வெடிக்குப் பதிலாகாது.

இந்தியா 1990களின் இறுதியில் காஸ்பிரை வாங்கிக் காஷ்மீரில் பயன்படுத்தியது. மேடக் படைக்கலத் தொழிற்சாலையின் ‘ஆதித்யா’ அதே வடிவத்தைத் தழுவியது. சத்தீஸ்கரில் 2005 செப்டம்பரில் மாவோயிஸ்டுகள் புதைத்த பெரும் வெடிபொருளில் இவ்வகை வண்டி ஒன்று சிக்கி, 20க்கும் மேற்பட்ட மத்திய ரிசர்வ் காவல் படையினர் இறந்தனர். 21 கிலோவுக்குக் கட்டப்பட்ட எஃகு, பல மடங்கு வெடிபொருளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஈராக் போரில் 2007 முதல் அமெரிக்கா பல்லாயிரக்கணக்கில் வாங்கிய கவச வண்டிகளும் இந்தத் தென்னாப்பிரிக்க மரபில் வந்தவையே. வெர்னான் ஜாய்ண்ட் அங்குள்ள ஒரு நிறுவனத்தின் தலைமை அறிவியலாளராகப் பணியாற்றினார்.

தென்னாப்பிரிக்காவில் 1994இல் ஆட்சி மாறியது. தெருவில் கவச வண்டி வருவது நிற்கவில்லை. 2012 ஆகஸ்ட் 16 அன்று மரிக்கானாவில் வேலைநிறுத்தம் செய்த 34 சுரங்கத் தொழிலாளர்கள் சுடப்பட்ட இடத்திலும் ‘நியாலா’ என்ற காவல்துறைக் கவச வண்டிகள் நின்றன.

காஸ்பிருக்கு வேறொரு பணியும் வாய்த்தது. மொசாம்பிக்கில் 1992இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது சாலைகளில் யார் எங்கே கண்ணிவெடி புதைத்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது. மெக்கெம் என்ற தென்னாப்பிரிக்க நிறுவனம் காஸ்பிர்களை அச்சாலைகளில் மெதுவாக ஓட்டி, தரையோரக் காற்றை உறிஞ்சி வடிகட்டிகளில் சேகரித்தது. எந்த வடிகட்டி எந்தச் சாலைத் துண்டுக்கு உரியது என்று எண்ணிட்டு வைப்பார்கள். முகாமில் பயிற்சி பெற்ற நாய்கள் அவற்றை ஒவ்வொன்றாக முகரும். நாய் எதன் முன் உட்காருகிறதோ, அந்தச் சாலைத் துண்டில் மட்டும் ஆட்கள் இறங்கித் தேடுவார்கள். 2015 செப்டம்பரில் மொசாம்பிக் கண்ணிவெடிகளற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.